டியூமர் மார்க்கர் ரிப்போர்ட்டில் நம்பர் ஏறியிருக்கிறதா? ரத்தத்தில் கேன்சரைத் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று போனால் இப்போதெல்லாம் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டோடு விடுவதில்லை, கூடவே "கேன்சர் மார்க்கர்" என்று நாலைந்து டெஸ்டையும் சேர்த்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும், ஒரு நம்பர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும், அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. நான் லேப் பக்கம் வேலை பார்க்கிறவன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் அனுப்பும் ரிப்போர்ட்டுகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதிய பதில்களைத்தான் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வைத்தியம் சொல்வது என் வேலை இல்லை, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த நம்பர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டியூமர் மார்க்கர், பயோமார்க்கர் என்கிறார்களே, அது என்ன?

புற்றுநோய் செல்கள் தாமே சுரப்பதோ, அவை இருப்பதால் உடம்பு கூடுதலாகச் சுரப்பதோ, ரத்தத்திலோ சிறுநீரிலோ கட்டியின் திசுவிலோ அளந்து பார்க்க முடிகிற ஏதோ ஒரு பொருள். புரதமாக இருக்கலாம், ஹார்மோனாக இருக்கலாம், மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமாகவும் இருக்கலாம். புதிய விஷயம் ஒன்றும் இல்லை. 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டர், எலும்பெல்லாம் வலித்து நொறுங்கிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டு எழுதிவைத்தார். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வரும் அந்தப் புரதத்தை இன்றைக்கும் அவர் பெயரில்தான் தேடுகிறோம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தத்தில் மிதக்கும் மார்க்கர்கள் ஒரு வகை: பிஎஸ்ஏ, சிஏ 125, சிஇஏ, ஏஎஃப்பி, சிஏ 19-9 எல்லாம் இதில் வரும். கேன்சர் என்று உறுதியான பிறகு, எடுத்த கட்டியிலேயே பார்க்கும் ஹெர்2, இஜிஎஃப்ஆர் போன்றவை இன்னொரு வகை. இரண்டாவது வகை சிகிச்சையையே தீர்மானிக்கிறது. பேக்கேஜில் விற்கப்படுவது முதல் வகை.

ஒரு சிரிஞ்ச் ரத்தம் கொடுத்தால் உடம்பில் எங்கே கேன்சர் இருந்தாலும் தெரிந்துவிடுமா?

தெரியாது. இருந்தும் ஏறாமல் இருக்கலாம், இல்லாமலும் ஏறலாம். இந்தப் பொருள்களில் பெரும்பாலானவற்றை நல்ல செல்களும் கொஞ்சம் சுரக்கின்றன. பிஎஸ்ஏ என்பது ஆரோக்கியமான பிராஸ்டேட் சுரப்பி விந்துக்காகச் சுரக்கும் புரதம். ஏஎஃப்பி வயிற்றில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரப்பது, அதனால் கர்ப்பிணிகளுக்கு அது ஏறித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு வயது 64. பிஎஸ்ஏ 6.2 என்று வந்திருக்கிறது. கேன்சர்தானா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வழக்கமாக மில்லிக்கு 4 நானோகிராம் என்று ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் போனால் அம்புக்குறி போடுகிறோம். 4க்கும் 10க்கும் நடுவே இருப்பவர்களுக்கு பயாப்ஸி (கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் கேன்சர் இருக்கும். மற்ற மூவருக்கு வயதாவதால் வரும் பிராஸ்டேட் வீக்கமோ, சுரப்பியில் அழற்சியோ, சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருக்கும். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் நம்பர் ஏறும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் அது சரியாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம்தான் மிச்சம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பிராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி கொட்டுவதற்கும் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பிஎஸ்ஏ ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அவர் ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 என்றுதான் படிக்க வேண்டும். இந்த மாத்திரை விஷயத்தை லேபில் யாரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. அப்புறம் 4க்குக் கீழே இருந்தால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது, அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 4ம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தபோது சுமார் 15 சதவீதம் பேருக்கு கேன்சர் இருந்தது.

ஆக, 6.2 வந்தால் முதல் வேலை அதே டெஸ்டைச் சில வாரம் கழித்து மறுபடி செய்வது. யூராலஜிஸ்ட் விரலால் சோதித்துப் பார்ப்பார், ஃப்ரீ பிஎஸ்ஏ, அதாவது ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பிஎஸ்ஏ, எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொல்லலாம் (அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, 10க்குக் கீழே போனால் சந்தேகம் கூடும்). இப்போது பல இடங்களில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமான இடம் இருந்தால் மட்டும் பயாப்ஸிக்குப் போகிறார்கள்.

சரி, கேன்சர் என்றே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மறுநாளே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டியதில்லை. பிரிட்டனில் பிஎஸ்ஏ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 பேரை ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு மட்டும் என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வந்த முடிவு: எந்தக் குழுவாக இருந்தாலும் பிராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவதும் ஆண்மைக் குறைவும் கூடுதலாக இருந்தன. அதற்காக எல்லா பிராஸ்டேட் கேன்சரும் சாது என்று நினைத்துவிடாதீர்கள், எலும்புக்குப் பரவும் முரட்டு வகையும் உண்டு. எந்த வகை என்பதை, பயாப்ஸியில் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்த்துப் போடும் கிளீசன் மதிப்பெண்தான் சொல்லும், பிஎஸ்ஏ நம்பர் சொல்லாது.

பிராஸ்டேட் ஆன்டிஜென் பற்றி 1970இலேயே எழுதிய ரிச்சர்ட் ஆப்ளின், நாற்பது வருடம் கழித்து நியூயார்க் டைம்ஸில் இந்த டெஸ்டை எல்லோருக்கும் செய்வதைப் பொது சுகாதாரப் பேரழிவு என்று எழுதினார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. 2018இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு சொன்னது நியாயமாகப் படுகிறது: 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி, நல்லது கெட்டது தெரிந்து அவரவர் முடிவு செய்யலாம், 70 தாண்டியவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாமல் வெறுமனே தேட வேண்டாம். தாத்தாவுக்கு 82 வயதில் பேக்கேஜில் பிஎஸ்ஏ எடுத்துவிட்டு "இப்போ என்ன செய்றது?" என்று கேட்டால், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றும்.

தங்கைக்கு 32 வயது, சிஏ 125 அளவு 68. நெட்டில் பார்த்தால் சினைப்பை கேன்சர் என்கிறது.

35 என்பதுதான் கோடு. ஆனால் அந்தக் கோடு மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்குத்தான் ஓரளவு அர்த்தமுள்ளது. 32 வயதில் மாதவிலக்கு நாள்களில் ரத்தம் எடுத்தாலே ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது) இருந்தால் ஏறும், கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தால், கர்ப்பமாக இருந்தால், இடுப்புக்குழியில் தொற்று இருந்தால், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தால், ஏன், இதயம் பலவீனமானாலும் ஏறும். வயிறு, நெஞ்சு, இதயம் ஆகியவற்றைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைகள் எங்கே எரிச்சலடைந்தாலும் இந்தப் புரதம் வெளியே வரும், அதுதான் காரணம்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது: வயிற்று டிபி. வயிற்றில் நீர், எடை குறைவு, ஸ்கேனில் திட்டுத்திட்டாகப் படிவு, சிஏ 125 நூற்றுக்கணக்கில். எல்லாம் சேர்ந்து முற்றிய சினைப்பை கேன்சர் மாதிரியே இருக்கும், ஆபரேஷனில் திசு எடுத்து அனுப்பினால் காசநோய் என்று வரும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய். திசுப் பரிசோதனை இல்லாமல் நம்பரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுபக்கம், உண்மையிலேயே சினைப்பை கேன்சர் முதல் நிலையில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குத்தான் சிஏ 125 ஏறுகிறது. எல்லாப் பெண்களுக்கும் வருடா வருடம் பார்த்தால் என்ன என்று பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான இரண்டு லட்சத்துச் சொச்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். பல வருட ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, ஸ்கேனும் சேர்த்து, எவ்வளவு கவனமாகச் செய்ய முடியுமோ அவ்வளவு கவனமாகச் செய்த ஆய்வு. 2021இல் இறுதி முடிவு வந்தது: முன்கூட்டியே பிடிபட்டவர்கள் கூடினார்கள், ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதனால்தான் அறிகுறி இல்லாத பெண்களுக்கு இந்த டெஸ்டை யாரும் சிபாரிசு செய்வதில்லை. தங்கைக்கு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து நல்ல அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுங்கள், மாதவிலக்கு முடிந்த பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

"99 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரம் போடுகிறார்களே, அப்புறம் என்ன சந்தேகம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பெண்கள், அதில் 40 பேருக்கு ஒரு கேன்சர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்த 40 பேரில் 32 பேரைப் பிடிக்கிறது, கேன்சர் இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக "இல்லை" என்கிறது. பிரமாதமான டெஸ்ட். ஆனால் மீதி ஒரு சதவீதம் என்பது கிட்டத்தட்ட 1,000 பேர்! ஆக "பாசிட்டிவ்" என்று கடிதம் போகும் 1,032 வீடுகளில் 32 வீட்டில்தான் நிஜமாகவே நோய். மற்ற ஆயிரம் பேருக்கு ஸ்கேன், பயாப்ஸி, சிலருக்கு வயிற்றைத் திறந்து பார்க்கும் ஆபரேஷன் வரை போகும்.

அதே டெஸ்டை, வயிறு உப்பி, ஸ்கேனில் கட்டி தெரிந்து வரும் நூறு பேருக்குச் செய்தால் கதையே வேறு. அங்கே நோய் இருப்பவர்களே அதிகம், அதனால் பாசிட்டிவ் என்பதற்கு எடை உண்டு. டெஸ்ட் மாறவில்லை, யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் மாறியது. பேக்கேஜ் விற்பவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிஇஏ (பெருங்குடல் கேன்சருக்குப் பார்க்கும் மார்க்கர்) 4.1. நார்மல் 3க்குள் என்று போட்டிருக்கிறது.

சிகரெட் பிடிப்பீர்களா? பிடித்தால் 5 வரை சகஜம்.

சிஏ 19-9 ஏறினால் கணையக் கேன்சரா?

மஞ்சள் காமாலை இருக்கும்போது எடுத்தால் அந்த நம்பரை நம்பாதீர்கள். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலே ஆயிரக்கணக்கில் போகும், அடைப்பை எடுத்ததும் இறங்கும். இன்னொரு வேடிக்கை, ரத்த வகை மாதிரியே லூயிஸ் என்று ஒரு வகை இருக்கிறது. அது இல்லாத ஒரு சிறு பகுதி மக்களின் உடம்பால் சிஏ 19-9 என்ற பொருளையே செய்ய முடியாது. அவர்களுக்குக் கணையம் முழுக்கக் கட்டி இருந்தாலும் இந்த டெஸ்ட் நார்மல் என்றுதான் சொல்லும்.

இவ்வளவு குறை சொல்கிறீர்கள். அப்படியானால் இந்த மார்க்கர்களால் என்னதான் பயன்?

நிறையப் பயன் இருக்கிறது, கேன்சர் இருப்பது தெரிந்த பிறகு! பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் முடிந்தவருக்கு முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சிஇஏ பார்ப்பார்கள். இறங்கி அடங்கியிருந்த நம்பர் மெதுவாக ஏற ஆரம்பித்தால், ஸ்கேனில் எதுவும் தெரிவதற்கு முன்பே சிலருக்கு அது துப்புக் கொடுக்கும், கல்லீரலில் ஒரே ஒரு இடத்தில் பரவியிருந்தால் அதையும் வெட்டி எடுத்துக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. கேன்சருக்காகத் தைராய்டை முழுக்க எடுத்தவருக்கு தைரோகுளோபுலின் என்ற புரதம் இதே வேலையைச் செய்கிறது.

இளைஞர்களுக்கு விரையில் வரும் கேன்சரில் மார்க்கர் இன்னும் ஒரு படி மேல். ஏஎஃப்பி, எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்றும் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கிடுவதிலேயே சேர்ந்துவிட்டன. ரத்தத்தில் ஏஎஃப்பி பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், எச்சிஜிக்கு ஒன்று ஒன்றரை நாள் போதும். கீமோ ஆரம்பித்த பிறகு இந்த வேகத்தில் இறங்குகிறதா என்று பார்த்தே மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிடலாம். எச்சிஜி என்பது கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் சிறுநீரில் பார்க்கிறோமே அதே ஹார்மோன்தான், அதனால் இந்த கேன்சர் உள்ள சில ஆண்களுக்கு அந்த அட்டையில் இரண்டு கோடு விழும். இதைப் படித்துவிட்டு மெடிக்கலுக்கு ஓடாதீர்கள், விரை கேன்சர் உள்ள பலருக்கு எச்சிஜி ஏறுவதே இல்லை. விரையில் வலியில்லாத கெட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மார்க்கர் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயுடையது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டியான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973இல் ஜேனட் ரௌலி, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று கண்டுபிடித்தார். அந்த ஒட்டில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற புரதத்தைக் குறிவைத்து இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. நோயைக் கண்டுபிடிக்கவும் அதுவே, மருந்து குறிவைப்பதும் அதையே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிசிஆர் (PCR, இது வேறு பிசிஆர்) டெஸ்டில் அளப்பதும் அதையே. ஒரு காலத்தில் சில வருடத்தில் உயிரைக் குடித்த நோய், இன்று பலருக்கு பிரஷர் மாத்திரை மாதிரி தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோய். இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு: இந்த மருந்தின் மேம்படுத்திய வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்ததால் விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் தொடர்ந்து கிடைக்கின்றன.

பயாப்ஸி செய்தால் கேன்சர் பரவிவிடும், அதனால் ரத்த டெஸ்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா சொல்கிறார்.

பெரியம்மாக்கள் இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேர் மூன்று மாதம் தாமதித்து வருகிறார்கள். "கத்தி பட்டால் பரவும்" என்பது, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், பயாப்ஸி செய்து, சீக்கிரமே இறந்தவர்களைப் பார்த்து வந்த நம்பிக்கை. மார்பகத்திலோ நுரையீரலிலோ கழுத்துக் கட்டியிலோ ஊசியால் திசு எடுப்பதால் நோய் பரவும் ஆபத்து மிக மிகக் குறைவு. எடுக்காவிட்டால் என்ன கேன்சர், எந்த மருந்து என்பதே தெரியாது.

சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். விரையில் சந்தேகம் என்றால் ஊசி போட மாட்டார்கள், முழுசாக எடுத்துத்தான் அனுப்புவார்கள். சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியையும் உடைக்காமல் எடுக்கப் பார்ப்பார்கள். சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம் உள்ளவரின் கல்லீரலில் சிடி ஸ்கேனில் குறிப்பிட்ட விதமாகத் தெரிந்தால் பயாப்ஸி இல்லாமலே கேன்சர் என்று முடிவு செய்வதும் உண்டு. இவை டாக்டர்களுக்கே தெரிந்த விதிகள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பயாப்ஸி வந்துவிட்டது, கேன்சர் உறுதி. அப்புறமும் "மார்க்கர் ரிப்போர்ட் வரட்டும்" என்று ஒரு வாரம், இரண்டு வாரம் காக்க வைக்கிறார்களே?

அந்தக் காத்திருப்பு வீண் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மார்பகக் கேன்சரில் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2வையும் பார்ப்பார்கள். ஹார்மோன் ஏற்பி இருந்தால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினம் ஒரு மாத்திரை, அது இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. ஹெர்2 சாயம் 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் இரண்டும்கெட்டான், ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்ல முடியும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். 1998இல் டிராஸ்டுஜுமாப் வருவதற்கு முன் ஹெர்2 பாசிட்டிவ் என்பது கெட்ட செய்தி, இப்போது அதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன.

நுரையீரல் கேன்சரில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றங்களைப் பார்ப்பார்கள். சிகரெட்டையே தொடாதவர்களிடமும் ஆசியர்களிடமும் இஜிஎஃப்ஆர் மாற்றம் கூடுதலாக இருக்கிறது, இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையிலேயே ஆரம்பிக்கலாம். பெருங்குடல் கேன்சர் பரவியிருந்தால் கேஆர்ஏஎஸ் பார்ப்பார்கள், அதில் மாற்றம் இருந்தால் செடுக்சிமாப் என்ற விலை உயர்ந்த ஊசி வேலை செய்யாது. எந்த மருந்தை வாங்க வேண்டாம் என்று சொல்லும் டெஸ்டும் பணத்தை மிச்சப்படுத்துகிறது, இல்லையா?

ஒரே ரத்த டெஸ்டில் 50 வகைக் கேன்சரைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?

அறிவியல் உண்மை, வாக்குறுதி கொஞ்சம் அவசரம். சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏவை ரத்தத்தில் உதிர்க்கின்றன, கேன்சர் செல்களும் அப்படித்தான். அதைத் தேடிப் படிப்பதைத்தான் லிக்விட் பயாப்ஸி என்கிறோம். கேன்சர் இருப்பவருக்கு இது இப்போதே கைகொடுக்கிறது. நுரையீரலில் மறுபடி ஊசி போட முடியாத நிலையில் ரத்தத்திலேயே இஜிஎஃப்ஆர் பார்க்கும் டெஸ்டுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இங்கேயும் செய்கிறார்கள்.

ஆரோக்கியமானவரிடம் தேடுவது வேறு விஷயம். கட்டி சின்னதாக இருக்கும்போது உதிரும் டிஎன்ஏவும் சொற்பம். கேலரி என்ற புகழ்பெற்ற டெஸ்டின் 2021 ஆய்வில், நான்காம் நிலைக் கேன்சரில் 90 சதவீதத்தைப் பிடித்தது, முதல் நிலையில் 17 சதவீதத்தைத்தான் பிடித்தது. முற்றியதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எதற்கு? தவறான பாசிட்டிவ் வெறும் அரை சதவீதம் என்பது நிஜமாகவே பெரிய சாதனை, அதை மறுக்கவில்லை. ஆனால் இதைச் செய்துகொண்டால் சாவு குறையுமா என்பதே கேள்வி, அதற்கு முதல்படியாக, முற்றிய நிலையில் பிடிபடும் கேன்சர் குறைகிறதா என்று பார்க்கத்தான் இங்கிலாந்தில் 1,40,000 பேரைச் சேர்த்துச் சோதனை நடத்தினார்கள். பெருங்குடல் கேன்சருக்கென்று 2024இல் அமெரிக்கா அனுமதித்த ஷீல்டு ரத்த டெஸ்டும் கேன்சரில் 83 சதவீதத்தைப் பிடிக்கிறது, ஆனால் கேன்சராக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் (குடலின் உள்சுவரில் வளரும் முளைகள்) 13 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது. குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அந்த பாலிப்பைப் பார்த்த கையோடு வெட்டியே எடுத்துவிடலாம்.

எப்படியானாலும் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே?

பல கேன்சர்களுக்கு ஆமாம். எல்லாவற்றுக்கும் இல்லை. ஜப்பானில் 1980களில் ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர் டெஸ்ட் செய்தார்கள், நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகள் கேன்சருக்கு. ஏராளமான கட்டிகள் பிடிபட்டன, ஆபரேஷன்கள் நடந்தன, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நோயால் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. பிடிபட்டதில் பெரும்பாலானவை தானாகவே சுருங்கி மறையும் வகை, கொல்லும் வகை டெஸ்டுக்கு அகப்படாமல் பின்னால் வந்தது. 2003இல் ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. ஒரு அரசாங்கம் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததை ஆதாரம் பார்த்து நிறுத்தியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குடும்பத்தில் அம்மா, சித்தி இருவருக்கும் மார்பகக் கேன்சர். பிஆர்சிஏ டெஸ்ட் எடுக்கலாமா?

இந்தக் குடும்ப வரலாறு இருந்தால் கண்டிப்பாக ஒரு மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் கெடுதலான மாற்றம் இருக்கும் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகக் கேன்சர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம், சினைப்பை கேன்சர் ஆபத்தும் கூடவே வரும். முடிந்தால் நோய் வந்தவருக்கே, அதாவது அம்மாவுக்கோ சித்திக்கோ முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டும். அவர்களிடம் என்ன மாற்றம் என்று தெரிந்தால் உங்களிடம் அது இருக்கிறதா இல்லையா என்று தெளிவாகச் சொல்லலாம். அண்ணன் தம்பிகளை விட்டுவிடாதீர்கள், ஆண்களும் இதைச் சுமப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டில் "அர்த்தம் இன்னும் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தால், அதை வைத்து எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளாதீர்கள்.

ஒரு லேபில் 38, இன்னொரு லேபில் 52. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனியின் டெஸ்ட் கிட்டும் வேறு வேறு ஆன்டிபாடியை வைத்து அளக்கிறது, நம்பரை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள் ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

தலைமுடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளை ஏமாற்றிவிடும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கையே வெளியிட்டது. நம் லேப்களில் இதை அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள், நீங்களாகவே சொல்லிவிடுங்கள், டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்தலாமா என்றும் கேளுங்கள். இன்னொரு பயங்கரமும் நடந்திருக்கிறது. சிலர் ரத்தத்தில் இயற்கையாகவே இருக்கும் ஒருவித ஆன்டிபாடி, கிட்டோடு ஒட்டிக்கொண்டு இல்லாத எச்சிஜியை இருப்பதாகக் காட்டும். அமெரிக்காவில் 1990களில் இப்படி வந்த நம்பரை நம்பி, கேன்சரே இல்லாத பெண்களுக்கு கீமோ கொடுத்தார்கள், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். அதே சமயத்தில் சிறுநீரில் பார்த்திருந்தால் எச்சிஜி இல்லை என்று தெரிந்திருக்கும். ஸ்கேனும் உடம்பும் ஒன்று சொல்ல, நம்பர் மட்டும் வேறு சொன்னால், வேறு கருவியில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. லேப்காரனாகவே சொல்கிறேன்.

சரி, நிஜமாகவே பயனுள்ள ஸ்கிரீனிங் என்று ஏதாவது உண்டா?

உண்டு, அதில் ஒன்று நம் திண்டுக்கல்லில் நிரூபிக்கப்பட்டது. அந்த மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற நர்சுகள் கண்ணால் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் டெஸ்டை ஒரே ஒரு முறை செய்ததில் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, அது 2009இல் வந்தது. பயோமார்க்கர் வைத்து ஆரோக்கியமானவர்களிடம் தேடி உயிர் காப்பாற்றியதற்கு இதுதான் நம்மிடம் இருக்கும் சிறந்த சாட்சி. பேக்கேஜில் சிஏ 125 எடுக்கும் அக்காக்கள் பலர் எச்பிவி டெஸ்ட் எடுத்ததே இல்லை!

ஹெபடைட்டிஸ் பி அல்லது சிரோசிஸ் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேனும் ஏஎஃப்பியும் பார்ப்பது நியாயமானது, ஏனென்றால் அங்கே ஆபத்து உண்மையிலேயே அதிகம். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் வாயைத் திறந்து காட்டினாலே போதும், ரத்தமே எடுக்க வேண்டாம். 50 தாண்டிய பெண்கள் மேமோகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மார்க்கர் எல்லாம் நார்மல். ஆனால் ஒரு மாதமாக மலத்தில் ரத்தம் போகிறது. மூலமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்தானே?

மூலமாக இருக்கலாம். ஆனால் சிஇஏ நார்மல் என்பதை வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள், ஆரம்பநிலைப் பெருங்குடல் கேன்சர் உள்ள பெரும்பாலோருக்கு அது ஏறுவதில்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், கொலோனோஸ்கோபி தேவை என்றால் செய்துகொள்ளுங்கள். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது என்று எதுவாக இருந்தாலும் இதே பதில்தான், ரிப்போர்ட்டில் அம்புக்குறி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.